ஷாங்காயிலிருந்து மூன்று நாள்: எல்லாரும் ஹார்பின் என்கிறார்கள், நான் ஹுவாங்ஷான் என்கிறேன்

தம்பி கேட்டிருப்பது இதுதான். வேலை விஷயமாக ஷாங்காய் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஜனவரியில் மனைவியும் ஏழு வயது மகளும் வருகிறார்கள். சனி, ஞாயிறோடு திங்கள் ஒரு நாள் லீவு போட்டால் மூன்று நாள் கையில் இருக்கும். ஆபீஸில் எல்லாரும் வடகிழக்குச் சீனாவில் பனிக்கட்டித் திருவிழா நடக்கிற ஹார்பின் போ என்கிறார்கள். போகலாமா, பக்கத்தில் வேறு நல்ல இடம் உண்டா? மனைவியும் மகளும் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார்கள்.

ஹார்பின் வேண்டாம். ஹுவாங்ஷான் போங்கள், மலைக்கு மேலேயே ஒரு ராத்திரி தங்குங்கள், அந்த ராத்திரி ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஷாங்காயில் ஏழு குளிர்காலம் குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் மீதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்பினைக் குறைத்துச் சொல்லவில்லை. சுங்ஹுவா ஆறு உறைந்ததும் அந்தப் பனிக்கட்டியையே பாளம் பாளமாக அறுத்து எடுத்து வந்து கோட்டையும் கோபுரமுமாகக் கட்டி, உள்ளே விளக்குப் போட்டு வைத்திருப்பார்கள். 1985இல் தொடங்கிய திருவிழா, வழக்கமாக ஜனவரி 5ஆம் தேதி ஆரம்பம். வாழ்நாளில் ஒரு தடவை பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஷாங்காயிலிருந்து விமானத்திலேயே மூன்று மணி நேரம், விமான நிலையத்துக்குப் போக வர, காத்திருக்க என்று முன்னும் பின்னும் அரை அரை நாள் போய்விடும், மிச்சம் இருக்கிற இரண்டு நாளில் மைனஸ் 20, 25 என்று அடிக்கிற குளிரில் ஏழு வயதுக் குழந்தையை ராத்திரி வெளியே நிற்க வைத்து விளக்கு காட்ட வேண்டும். போன் பேட்டரி பத்து நிமிஷத்தில் படுத்துவிடும், குழந்தையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதற்குத் தனியாக ஐந்து நாள் ஒதுக்கி, சரியான பூட்ஸ், உள்ளாடை எல்லாம் வாங்கிக்கொண்டு போங்கள்.

இன்னொரு விஷயம், குளிரைத் தேடி நீங்கள் எங்கேயும் போகவே வேண்டாம், அது உங்கள் ஷாங்காய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஜனவரி சராசரி 5 டிகிரி என்று பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று நினைத்திருப்பீர்கள். ஏன் எலும்புக்குள் இறங்குகிறது என்றால், ஈரம் ஒரு காரணம், வீடு இன்னொரு காரணம். 1950களில் சீன அரசு நகரங்களுக்குக் குழாய் வழியாக மைய வெப்பம் கொடுக்க ஆரம்பித்தபோது ச்சின்லிங் மலையையும் ஹுவாய் ஆற்றையும் எல்லையாக வைத்துக்கொண்டார்கள். கோட்டுக்கு வடக்கே உண்டு, தெற்கே இல்லை. ஷாங்காய் தெற்கே. அதனால் இங்கே நிறைய வீடுகள் ஏ.சி.யில் வருகிற சூடான காற்றை நம்பித்தான் இருக்கின்றன, அந்தச் சூடு நேரே உத்தரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், கால் விறைத்தபடியே இருக்கும். எங்கள் குடியிருப்பில் ஹார்பின்காரப் பெண் ஒருத்தி இருந்தாள், வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு சமைப்பாள், "எங்கள் ஊரில் வெளியேதான் குளிர், உள்ளே பனியனோடு ஐஸ் சாப்பிடுவோம்" என்று புலம்புவாள். ஆகவே இங்கிருந்து கிளம்பிப் போகிற குளிர்காலப் பயணத்தில் உங்களுக்கு வேண்டியது ஒன்று மேகத்துக்கு மேலே வெயில், இல்லையென்றால் வெந்நீர். முதலாவதற்கு ஹுவாங்ஷான். வெந்நீருக்குப் பிறகு வருகிறேன்.

ஹுவாங்ஷான் அன்ஹுய் மாகாணத்தின் தெற்கே இருக்கிறது. கருங்கல் சிகரங்கள், உச்சம் 1864 மீட்டர், 1990 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற மலை. சீன ஓவியத்தில் மேகத்துக்கு நடுவே ஊசி ஊசியாகப் பாறையும் அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பைன் மரமும் வரைந்திருப்பார்களே, கற்பனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறார்கள். கோடையில் அங்கே போகாதீர்கள், மனித முதுகு மட்டுமே தெரியும். குளிர்காலத்தில் மூன்று நன்மை: மேகக் கடல் அதிகம் விழுவது நவம்பரிலிருந்து மே வரைதான், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நுழைவுச் சீட்டு 190 யுவானிலிருந்து 150க்கு இறங்கும், ரோப் காரும் கொஞ்சம் குறையும், அப்புறம் சூரிய உதயத்துக்கு மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், ஜனவரியில் உதயமே ஏழு மணி வாக்கில்தான்.

முதல் தடவை நாங்கள் போனதும் ஒரு ஜனவரியில்தான். ரோப் காரில் ஏறும்போதே ஜன்னல் முழுக்க வெள்ளை. மேலே இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டல் வரைக்கும் ஒரு மணி நேரம் படியில் நடந்தோம், முன்னால் போகிறவரின் பைதான் வழிகாட்டி. "150 யுவான் கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்க்க வந்திருக்கிறோம்" என்று என் வீட்டுக்காரர் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ராத்திரி மழையா பனியா என்று தெரியாத ஏதோ ஒன்று பெய்தது. விடியற்காலை டக், டக் என்று சத்தம் கேட்டு எழுந்தேன், படிகளில் உறைந்த பனிக்கட்டியை ஆட்கள் இரும்பால் கொத்திக்கொண்டிருந்தார்கள், சுற்றுலா ஆட்கள் வழுக்கி விழக்கூடாது என்று இருட்டிலேயே அந்த வேலை. ஓட்டலில் இரவல் கொடுக்கிற கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், மேகம் முழுக்க எங்கள் காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. மேலே ஒரு துளி இல்லை. பைன் மரங்களில் ஒவ்வொரு ஊசி இலைக்கும் தனித்தனியாகக் கண்ணாடி உறை போட்ட மாதிரி வெள்ளை, அதுவும் காற்று வந்த பக்கம் மட்டும் விரல் தடிமனுக்கு வளர்ந்திருந்தது. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் மிதக்கிற மூடுபனித் துளிகள் இலையில் பட்ட நொடியே உறைந்து அடுக்கடுக்காகச் சேருவதால் வருவது அது, சீனத்தில் வூ சோங் என்பார்கள். ஒரு கிளையைச் சுண்டினேன், கிலுகிலு என்று உதிர்ந்தது. என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் 150 யுவானைப் பற்றிப் பேசவில்லை.

இதனால்தான் மேலே தங்கச் சொல்கிறேன். காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவர்கள் அன்றைய மேகத்தோடு சூதாடுகிறார்கள். ராத்திரி தங்கினால் ஒரு மதியம், ஒரு அஸ்தமனம், ஒரு உதயம் என்று மூன்று வாய்ப்பு. மேலே ஓட்டல் விலை அதிகம், அறை சிறியது, சாப்பாடு சுமார், இதையெல்லாம் முன்பே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் விலை அதிகம் என்று கேட்கத் தோன்றினால் வழியில் சுமைதூக்கிகளைப் பாருங்கள். மூங்கில் கம்பின் இரண்டு பக்கமும் அரிசி மூட்டையும் முட்டைக்கோஸுமாகக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள், இறங்கும்போது ஓட்டலின் அழுக்குப் போர்வைகள் துவைக்கப் போகும். நிற்க வேண்டும் என்றால் கையிலிருக்கும் தடியைக் கம்புக்கு முட்டுக்கொடுத்து அப்படியே மூச்சு வாங்குவார்கள், சுமையை இறக்கி வைப்பதில்லை, மறுபடி தூக்குவது அதைவிடக் கஷ்டம். அதைப் பார்த்த பிறகு கப் நூடுல்ஸ் விலையைப் பற்றி நான் வாயைத் திறந்ததில்லை.

இனி நாட்களைச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் சனிக்கிழமை நேரே மலைக்குப் போய், ஞாயிறு இறங்கி, கிராமம் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். சனிக்கிழமை காலை ஹொங்ச்சியாவ் நிலையத்திலிருந்து ஹுவாங்ஷான் பெய், அதாவது வடக்கு ஹுவாங்ஷான் நிலையத்துக்கு அதிவேக ரயில். வண்டியைப் பொறுத்து இரண்டரை மணியிலிருந்து நாலு மணி வரை ஆகும், புக் செய்யும்போது பயண நேரத்தைப் பார்த்து எடுங்கள். 2018 கடைசியில் ஹாங்ஜோ-ஹுவாங்ஷான் பாதை திறந்த பிறகுதான் இது வார இறுதிக்குள் அடங்குகிற பயணமாயிற்று. நிலையத்துக்கு வெளியிலிருந்தே ஹொங்சுன் கிராமத்துக்குப் பேருந்து, ஒரு மணி நேரம் சொச்சம். அந்த ராத்திரி கிராமத்துக்குள்ளேயே தங்குங்கள்.

ஹொங்சுன் மிங், ச்சிங் அரச வம்சக் காலத்து வணிகர் வீடுகள் நிறைந்த ஊர். வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, நடுவில் அரைவட்டக் குளம், வீட்டு வாசல்தோறும் ஓடுகிற சின்ன வாய்க்கால். மதியம் கொடிபிடித்த சுற்றுலாக் கூட்டங்கள் இருக்கும், ஐந்து மணிக்கு மேல் அவர்கள் பஸ் ஏறியதும் ஊர் அந்த ஊர்க்காரர்களுக்கே திரும்பக் கிடைக்கும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் போனால் சுவர் ஓரம் உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடை வரிசையாகத் தொங்கும், சைவக்காரர்கள் கொஞ்சம் தலையைக் குனிந்து நடக்க வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: அறை புக் செய்யும்போது சூடு எப்படி என்று கேளுங்கள். இதுவும் அந்த மைய வெப்பக் கோட்டுக்குத் தெற்கே இருக்கிற ஊர்தான். மர வீடு, முற்றத்தில் கூரை கிடையாது, படத்தில் அழகாக இருக்கும், ராத்திரி பல் கிட்டும். படுக்கையில் மின்விரிப்பு இருக்கிறதா, அது ஒன்று போதும். அப்படியே பாஸ்போர்ட்டோடு வருகிற வெளிநாட்டவரைப் பதிவு செய்யத் தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டவர் என்பதற்காகத் தங்க இடம் மறுக்கக் கூடாது என்று 2024இல் அரசே அறிவுறுத்திவிட்டது என்றாலும் சின்ன இடங்களில் பதிவு செய்யும் முறை தெரியாமல் முழிப்பார்கள். ஒரு தடவை ராத்திரி ஒன்பது மணிக்கு எங்களை வாசலில் நிற்க வைத்துவிட்டு ஒரு அம்மா நாற்பது நிமிஷம் யார் யாருக்கோ போன் போட்டார், கடைசியில் பக்கத்து வீட்டில் இடம் வாங்கிக் கொடுத்தார், கூடவே ஆளுக்கு ஒரு கிண்ணம் இஞ்சித் தண்ணீரும்.

ஞாயிறு காலை அங்கிருந்து மலையடிவாரத்துத் தாங்கொவ் ஊருக்குப் பேருந்து. பெட்டியை அங்கேயே ஏதாவது ஓட்டலிலோ கடையிலோ விட்டுவிட்டு, ஒரு ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் முதுகுப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை உருட்டலாம் என்று கொண்டு போகிறவர்களை மலையில் தினமும் பார்க்கலாம், மேலே உருட்டுவதற்குத் தரை கிடையாது, எல்லாம் படி. தாங்கொவில் பிங் ஜுவா என்று கேட்டு வாங்குங்கள், ரப்பரில் இரும்புப் பல் வைத்து, ஷூவுக்கு மேலே இழுத்து மாட்டுகிற சாமான், விலை அற்பம். குழந்தைக்குச் சின்ன அளவு இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தே வாங்குங்கள். பிறகு மலைப் பேருந்து, யுன்கு ரோப் கார். மேலே இறங்கினால் கொஞ்ச தூரத்தில் ஷிசின் சிகரம், பைன் மரங்கள் மிக அழகாக இருப்பது அங்கேதான், குழந்தையோடு அதுவே போதும். மேற்குக் கடல் பள்ளத்தாக்கு என்று எல்லாரும் சிலாகிப்பார்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். தாமரைச் சிகரமும் பெரும்பாலும் அப்படித்தான். அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம், மகளின் கால் உங்களுக்கு நன்றி சொல்லும். ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், அதற்குள் அறைக்கு வந்துவிடுங்கள்.

ஏன் ஞாயிறு ராத்திரி என்றால், சனிக்கிழமை ராத்திரி அறை விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும், ஞாயிறு மதியம் நீங்கள் ஏறும்போது ஊரே எதிரே இறங்கி வரும். திங்கள் உதயத்துக்குப் பாறை விளிம்பில் இடம் பிடிக்க யாரோடும் முட்டி மோத வேண்டாம். பார்த்துவிட்டு, சாப்பிட்டு, பதினொன்று வாக்கில் இறங்க ஆரம்பித்தால் பிற்பகல் ரயில் பிடித்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஷாங்காய் வந்துவிடலாம்.

தேதியைப் பொறுத்தவரை ஒரே விதி, சீனப் புத்தாண்டுப் பக்கமே போகாதீர்கள். அது ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவே மாறி மாறி வரும். 2025இல் ஜனவரி 29, 2026இல் பிப்ரவரி 17. அதற்குப் பதினைந்து நாள் முன்பிருந்து நாற்பது நாளைக்கு ச்சுன் யுன் என்ற பெரும் பயணக் காலம், தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேடு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டு அதை ஒரு நாட்டளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். சாதாரண நாட்களில் டிக்கெட் பதினைந்து நாள் முன்னால் திறக்கும். 12306 என்கிற ரயில்வே செயலியில் பாஸ்போர்ட் எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், சரிபார்க்க நேரம் எடுக்கும், எனவே மனைவி, மகள் விவரங்களை இப்போதே ஏற்றி வையுங்கள். மகளுக்கு அரை டிக்கெட், ஆறு முதல் பதினாலு வயதுக்குள் அப்படித்தான். நிலையத்தில் அசல் பாஸ்போர்ட் வேண்டும், போட்டோ செல்லாது. தானியங்கிக் கதவு பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கிற வழிக்குப் போங்கள். ஹொங்ச்சியாவ் ஒரு விமான நிலையம் அளவுக்குப் பெரியது, முக்கால் மணி நேரமாவது முன்னால் போய்விடுங்கள்.

டிக்கெட் எடுத்துவிட்டோமே, மழை வந்தால் என்ன செய்வது என்று பயப்படாதீர்கள். எட்டு நாளைக்கு முன்பே ரத்து செய்தால் பிடித்தம் இல்லை, இரண்டு நாள் முன்பு வரை 5 சதவீதம், ஒரு நாள் முன்பு வரை 10, அதற்குப் பிறகு 20. வியாழக்கிழமை ராத்திரி வானிலையைப் பாருங்கள். சனிக்கிழமை மழையோ பனியோ பெய்து திங்கள் தெளியும் என்று இருந்தால் அதைவிட அதிர்ஷ்டம் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு போங்கள். மூன்று நாளும் தூறல் என்று இருந்தால் மலையை விட்டுவிடுங்கள், அப்போதுதான் நான் சொன்ன வெந்நீர்.

நான்ஜிங் பக்கத்தில் தாங்ஷான் என்று வெந்நீர் ஊற்று இருக்கிறது, ஷாங்காயிலிருந்து நான்ஜிங்குக்கு அதிவேக ரயிலில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து டாக்ஸி. திறந்தவெளித் தொட்டிகளில் கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு தலையில் மட்டும் தூறலை வாங்குவது ஒரு தனிச் சுகம், அதற்கு மழைதான் வேண்டும். நீச்சல் உடையும் தலைக்குத் தொப்பியும் எடுத்துப் போங்கள், அங்கே விற்பார்கள், விலை கூடுதல். ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால் சூஜோ, அரை மணி நேர ரயில். ஜனவரியில் அங்கே தோட்டங்களில் லா மெய் என்கிற மஞ்சள் மெழுகுப் பூ இலையே இல்லாத கொம்பில் பூத்திருக்கும், மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். ஹாங்ஜோவை மட்டும் பனி பெய்த மறுநாள் தவிர்த்துவிடுங்கள். அங்கே மேற்கு ஏரியின் உடைந்த பாலத்தில் பனி பார்ப்பது பழைய வழக்கம், ஷாங்காயே அன்றைக்குக் கிளம்பிப் போகும், பாலமும் தெரியாது, பனியும் தெரியாது, குடைதான் தெரியும்.

சாப்பாடு. ஹுவாங்ஷான் பக்கத்துச் சமையல் பன்றிக் கொழுப்பில்தான் நிற்கிறது, காய்கறிப் பொரியலிலும் கொஞ்சம் தொடைக்கறி நறுக்கிப் போட்டுவிட்டு "காய்கறிதானே" என்பார்கள், அவர்கள் கணக்கில் அது சுவைக்குச் சேர்த்தது. ஆகவே "வோ ச்ர் சூ", நான் சைவம், என்பதோடு நிறுத்தாமல், இறைச்சி, தொடைக்கறி, பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிப் போனில் படமாக வைத்துக் காட்டுங்கள். தக்காளி முட்டைப் பொரியல் சீனா முழுக்கக் கிடைக்கும், குழந்தைக்கு அதுவும் சோறும் போதும். அந்த ஊர்ச் சிறப்பு மாவ் தோவ்ஃபு, வெள்ளைப் பூஞ்சை பஞ்சு மாதிரி முளைத்த தோஃபுவை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து மிளகாய் விழுது வைத்துத் தருவார்கள், பார்க்கத்தான் பயம், என்ன எண்ணெய் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்கொவில் ஏறுவதற்கு முன்னால் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு விற்றால் நாலு வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், முதலில் கைக்குச் சூடு, பிறகு வயிற்றுக்கு.

அப்படியே மருந்துக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ நுவான் பாவ்பாவ் என்கிற, உடையில் ஒட்டிக்கொள்கிற சூட்டுப் பை ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இரும்புத் தூள். உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டு அது துருப்பிடிக்க ஆரம்பிக்கும், அந்தத் துருப்பிடிக்கிற சூடுதான் மணிக்கணக்கில் இருக்கும். பனியனுக்கு மேலே ஒட்ட வேண்டும், தோலில் ஒட்டினால் புண்ணாகிவிடும். குழந்தைக்கு நடுமுதுகில் ஒன்று போதும். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மலையில் குழந்தை உருண்டு விளையாடுகிற அளவுக்குப் பனி கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும், பாதி நேரம் மரத்தில்தான் இருக்கும், தரையில் இருக்காது. அது கிடைக்காமல் மகள் முகம் வாடினால் ஷாங்காயிலேயே லிங்காங்கில் 2024 செப்டம்பரில் திறந்த பெரிய உள்ளரங்கப் பனி விளையாட்டு இடம் இருக்கிறது, மெட்ரோ 16ஆம் பாதையில் போகலாம். அடுத்த சனிக்கிழமை அங்கே கூட்டிப்போய் ஆசை தீர உருள விடுங்கள், அதற்கு வானிலை பார்க்க வேண்டியதில்லை.